கையை நீட்டு

ஜனவரி 11

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் மூவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் லாரி ஆபீஸ் கிளார்க்கைச் செருப்பால் அடித்தேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உன் காதுக்கும் வந்திருக்கும். அது பொய். காலில் கிடப்பதைக் கையில் எடுக்கிறவள் இல்லை நான். குடையால்தான் அடித்தேன். அதுவும் இரண்டே முறை. மூன்றாவது அடி கதவில் பட்டது. குடைக்கம்பி வளைந்தது அதனால்.

நீ போன மறுநாள் ஏதோ படிவத்தில் உன் மனைவியின் கையெழுத்து வேண்டும் என்று அவன் வந்தான். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். காத்திருந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "முப்பத்தேழு வயசு. பொண்டாட்டி, புள்ளை. இத்தனை வருஷம் அச்சாபீஸ்ல எழுத்துப்பிழை பார்த்த ஆளு, சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டினதில்ல. மூணே நாள். அழுதுகிட்டு வந்து நிப்பாரு, பாருங்க பாட்டி" என்றான். பாட்டி என்றதைக்கூடப் பொறுத்தேன். என் மகன் ஆறு வயதுக்குப் பிறகு அழுததில்லை. அதை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் குடையை எடுத்தேன்.

அச்சகம் மூடியது உன் குற்றம் அல்ல. லாரி ஓட்டுவது கேவலமும் அல்ல. லைசென்ஸ் வாங்கிவிட்டாய். ஆறு மாதம் மூத்த டிரைவருக்குத் துணையாகப் போ. ஒவ்வொரு நாளும் அவரிடம் புத்தகத்தில் கையெழுத்து வாங்கு. நூற்று எண்பது கையெழுத்து சேர்ந்ததும் உனக்கென்று ஒரு வண்டி. அதுவரை உன் மனைவியையும் குட்டியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

போனில் பேசாதே. பேச்சு காற்றோடு போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம், முழுப் பக்கம்.

குட்டி எழுதுவது கோழி கிறுக்கியது போல இருக்கிறது. மதியம் பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஒரு மணி நேரம் நானே உட்காரவைத்து எழுத வைக்கப்போகிறேன். ஆறு வயது. இப்போது திருத்தாவிட்டால் எப்போதும் திருந்தாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குடையைப் பழுதுபார்க்கக் கொடுத்தீர்களா?

என்னுடைய மூத்த டிரைவருக்கு ஐம்பது வயது. ஜாக்கி என்று கூப்பிடுகிறார்கள். ஒருமுறை ஜாக்கி உடைந்துபோய், வண்டியின் ஒரு மூலையைத் தோளால் தூக்கி நிறுத்தினாராம். நம்ப முடியவில்லை, ஆனால் தோளைப் பார்த்தால் நம்பத் தோன்றும். எனக்கு 'பேனா' என்று பேர் வைத்திருக்கிறார். "டேய் பேனா, கியரை எழுதாத, போடு" என்பார்.

காலையில் கிளம்புமுன் வண்டியைச் சுற்றி வந்து பதினான்கு டயரையும் ஒரு முழ நீள இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும், 'டங்' என்று கேட்கும். குறைந்திருந்தால் 'பொத்' என்று உள்வாங்கும். முன்னால் இரண்டு டயர். பின்னால் எல்லாம் ஜோடி ஜோடியாக. வெளியில் இருப்பவை எட்டில் ஆறு கண்ணுக்குத் தெரியும், மீதி ஆறு அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உள்டயரில் காற்று போனால் பாரம் முழுவதும் வெளிடயர் மேல் விழுந்து, சூடாகி வெடிக்கும். குனிந்து, நடுவில் கம்பியை விட்டுத் தட்டினால்தான் தெரியும். முதல் வாரம் அதை விட்டுவிட்டேன். இனி விடமாட்டேன்.

கேபின் படியில் இறங்கும்போது வழுக்கிவிட்டது. வலது உள்ளங்கையில் சிறிய காயம். ஆறிக்கொண்டிருக்கிறது.

இருபத்தாறு கையெழுத்து ஆகிவிட்டது. குட்டி என்ன செய்கிறாள்? படம் வரைகிறாளா? அவளுக்கு என் முத்தம்.

உங்கள் மகன்

*

பிப்ரவரி 12

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குடை சரியாகிவிட்டது.

"எட்டில் ஆறு" என்று எழுதியிருக்கிறாய். முன்னால் இரண்டும் பக்கவாட்டில் ஆறும் சேர்த்து எட்டு என்று சொல்ல வந்தாய் என்று நினைக்கிறேன். வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் பிழையைத் திருத்தியவன் நீ.

இன்னொன்று. படியில் வழுக்கி விழுகிறவன் இரண்டு கையையும் ஊன்றுவான். உனக்கு ஒரு கையில் மட்டும் காயம்.

குட்டிக்கும் உன்னைப் போலவே இடக்கைப் பழக்கம். அதனால்தான் அந்த எழுத்து. உன் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். "எந்தக் கையால எழுதினா என்ன அத்தை, எழுதினா சரி" என்கிறாள். சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பதற்கு அது சரி. நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் வகுப்பில் நாற்பது பேர். நாற்பது பேரும் ஒரே கை, ஒரே சாய்வு. முதல் நாள் பேனாவைக் கைமாற்றிக் கொடுத்தேன். பிடிவாதம். மறுநாளும் பிடிவாதம். மேஜை இழுப்பறையிலிருந்து பழைய ஸ்கேலை எடுத்திருக்கிறேன். கோடு போடத்தான்.

படம் வரைவதை நிறுத்திவிட்டாள். நேரமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

*

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா?

போன வாரம் ஒரு கிடங்கில் இரும்புச் சுருள் ஏற்றினோம். லோடு ஏற்றுகிறவர்கள் அடியில் முட்டுக்கட்டை வைக்காமல் சுருளை வண்டியில் உருட்டிவிட்டார்கள். ஜாக்கி அண்ணன் பார்த்தார். "யாரு வெச்சது?" என்றார். ஒரு ஆள், என் வயதுதான் இருக்கும், "நான்தாண்ணே, என்ன இப்ப?" என்று சிரித்தான். அண்ணன் டயர்க் கம்பியால் அவன் வாயில் அடித்தார். ஒரே அடி. சிரிப்பு பாதியில் நின்றது. அவன் உட்கார்ந்து தரையில் எதையோ தேடினான். என்ன தேடுகிறான் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பல்லை. மூன்று கிடைத்தன. நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.  மற்றவர்கள் ஓடிப்போய்க் கட்டை கொண்டுவந்து வைத்தார்கள்.

அப்புறம் அண்ணன் அதே கம்பியைத் துணியில் துடைத்துவிட்டு டயர் தட்டப் போனார். வழியில் என்னிடம் சொன்னார்: "சுருள் நகர்ந்து கேபினுக்குள்ள வந்தா நம்ம ரெண்டு பேர் எலும்பையும் வாளியில அள்ளணும்டா பேனா. அவனுக்குப் பல்லு போச்சு. உனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கு." அவர் சொன்னது சரி என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என்னை அவர் ஒன்றும் செய்வதில்லை. கவலைப்படாதீர்கள்.

எந்த ஸ்கேல் அம்மா? சாதாரண மர ஸ்கேலா? பித்தளை ஓரம் வைத்ததா?

உங்கள் மகன்

*

மார்ச் 14

அன்புள்ள மகனுக்கு,

இங்கே சுகம். உன் மனைவிக்கு இருமல் இருந்தது, சரியாகிவிட்டது.

இரத்தக்கறையைக் குளிர்ந்த நீரில் ஊறவை. சுடுநீரில் போட்டால் நிலைத்துவிடும்.

உன் மகளின் முதல் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். வலது கையால் எழுதியது. நான் ஒரு எழுத்துக்கூடத் தொடவில்லை. உன்னிடம் எட்டு மாதம் ஆனது. இவளிடம் ஐந்தே வாரம். உன்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது தப்பு செய்தால் நான் சொல்லவேண்டியதுகூட இல்லை.

அறுபது கையெழுத்து தாண்டியிருக்குமே. எண்ணிக்கையை எழுத மறக்காதே.

அம்மா

(உடன் இருந்த தாள்: "அப்பா நலமா. நான் நலம். பாட்டி நலம். அம்மா நலம். நான் வலது கையால் எழுதுகிறேன். அழவில்லை.")

*

ஏப்ரல் 22

அம்மாவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஓயாத ஓட்டம். வண்டி ஓடும்போது எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டியின் தாளைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறாள். தாளின் பின்பக்கம் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் விரலில் தட்டுகிறது. எனக்கு அந்த எழுத்தைத் தெரியும்.

தொண்ணூற்றொன்பது.

மகன்

*

ஏப்ரல் 30

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை.

ஓடுகிற வண்டியில் எழுதினால் வரி மேலும் கீழும் குதிக்கும். உன் வரி குதிக்கவில்லை. எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. எழுதிய மையின் மேல் கை உராய்ந்து வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வலது கையால் எழுதுகிறவனுக்குக் கை முன்னால் போய்விடும், மை பின்னால் காயும். நீ இதை இடக்கையால் எழுதியிருக்கிறாய். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நான் நிறுத்திய எழுத்து இது. கண்ணைக் கட்டிவிட்டுக் காட்டினாலும் எனக்குத் தெரியும்.

வலது கைக்கு என்ன ஆயிற்று? எந்த விரல், எந்த எலும்பு, யார்? படியில் விழுந்தேன் என்று எழுதாதே.

தொண்ணூற்றொன்பது என்ற கணக்கும் இடிக்கிறது. நாளை எண்ணிப் பார்த்தேன். ஏன் சில நாள் கையெழுத்து இல்லை?

அம்மா

*

மே 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். நடுவிரலில் இரண்டு இடம். ஒரு சாலையோர ஆஸ்பத்திரியில் பட்டை வைத்துக் கட்டினார்கள். கியர் போட உள்ளங்கையின் அடிப்பாகம் போதும். அந்தச் சில நாள் வண்டி ஏறவில்லை, அதனால் கையெழுத்து இல்லை.

ஜனவரியில் ஆரம்பித்தது. முதல் வாரம். நான் உள்டயரைத் தட்டாமல் விட்டேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா? அன்று ஒரு இறக்கத்தில் நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் துப்பாக்கி சுட்டது போலச் சத்தம். வண்டி ஒருபக்கம் இழுத்தது. எதிரே ஒரு பஸ். ஜாக்கி அண்ணன் என் மேல் பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தாள், அவள் வாய் திறந்திருந்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பக்கம். வண்டி வாய்க்காலுக்கு ஒரு அடி முன்னால் நின்றது.

அண்ணன் இறங்கினார். கையில் கம்பி. "உள்ள தட்டினியாடா?" என்றார். "தட்டலண்ணே" என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை அம்மா. இதை நீங்கள் நம்ப வேண்டும். டயருக்கு மேல் இருக்கும் மட்கார்டை அடித்தார். அடித்து அடித்துத் தகரம் மடங்கிப்போனது. எனக்கு என்ன தோன்றியதோ, அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன். உள்ளங்கை மேலே இருக்கும்படி, விரல்களைச் சேர்த்து. நீங்கள் நீட்டச் சொல்வீர்களே, அப்படி.

அவர் திகைத்துப்போனார். "என்னடா இது, பள்ளிக்கூடமா?" என்று சிரித்தார். நான் கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி. கேட்டுட்ட" என்று ஒரு அடி வைத்தார். நான் அழவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குப் பழகிவிட்டது. எனக்கும்தான். கியர் கத்தினால் ஒன்று. தார்ப்பாய் முடிச்சு தளர்ந்தால் ஒன்று. பிறகு புத்தகத்தில் கையெழுத்து. மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்: "இங்க பாருங்கடா, இவன் தானா நீட்டுவான்." ஏப்ரலில் கம்பி கொஞ்சம் தவறி விரலில் பட்டது. அவ்வளவுதான்.

குட்டி "தப்பு செய்தால் சொல்லவேண்டியதுகூட இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அவளும் தானாக நீட்டுகிறாளா?

நூற்று இருபத்தாறு.

மகன்

*

ஜூன் 4

அன்புள்ள மகனுக்கு,

சுகம். கையில் வீக்கம் இருந்தால் தூக்கி வைத்துக்கொள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் உன் கையைத் திருத்தியதால்தான் உனக்கு அந்த எழுத்து வந்தது, அந்த எழுத்தால்தான் அச்சகத்தில் வேலை கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்னைத் தவிர வேறு யாரிடமும் கையை நீட்டச் சொல்லி நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அது நீயாகச் சேர்த்துக்கொண்டது.

உன் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டாள். அடுப்படியில் நின்று, "உங்க ஸ்கேலு லாரிக்கும் போயிருக்கு அத்தை" என்றாள். சத்தம் போடவில்லை. ஐந்து நாளாக என்னிடம் பேசுவதில்லை. குழந்தையைத் தன்னோடு சலவைக்கூடத்துக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள், அங்கே அனுமதிக்கவில்லை. ஆகவே மதியம் எழுத்துப் பயிற்சி வழக்கம்போல நடக்கிறது. பாதியில் நிறுத்தினால் இரண்டு கையும் கெட்டுப்போகும்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், தானாக நீட்டுகிறாள். கீழ்ப்படிதல் அது.

இப்போது நான் சொல்வதைக் கேள். அடுத்த தடவை அவன் கம்பியை ஓங்கினால் நீ நீட்டக் கூடாது. பிடுங்கு. பிடுங்கிவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். இது உன் அம்மாவின் உத்தரவு.

அம்மா

*

ஜூலை 25

அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

போன வாரம் நடந்தது. அப்போது எட்டுக் கையெழுத்து பாக்கி. காலையில் பெட்ரோல் பங்கில் பதினான்கு டயரும் தட்டிவிட்டு வந்தேன். அண்ணன் போய் ஒன்றைத் தட்டினார். "இது பொத்துன்னுது" என்றார். இல்லை. எனக்கு இப்போது அந்தச் சத்தம் தெரியும். "நல்லா இருக்குண்ணே" என்றேன். என் வலது கையைப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. "அந்தக் கையி வேலைக்கு ஆகாது. மத்த கைய நீட்டு" என்றார்.

பிடுங்கத் தேவையே இருக்கவில்லை. அவர் கொடுத்தது போலத்தான் கம்பி என் இடது கைக்கு வந்தது. முதல் அடி முழங்காலில். உட்கார்ந்துவிட்டார். தோளில் இரண்டு. அந்தத் தோளில் அடித்தால் டங் என்று கேட்கும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை. தாடையில் ஒன்று. அப்புறம் நான் சொன்னேன், என் குரல் எனக்கே தெரியவில்லை, உங்கள் குரல் மாதிரி இருந்தது: "கையை நீட்டு."

நீட்டினார் அம்மா. ஐம்பது வயது ஆள், தாடை ஒருபக்கம் தொங்குகிறது, வாயில் இரத்தம், உட்கார்ந்தபடி கையை நீட்டினார். இடது கை. நான் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. பங்க் ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் யாரோ கேட்டதற்கு, கேபின் படியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று எழுதிக் காட்டியிருக்கிறார். என் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். எட்டுப் பக்கத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நூற்று எண்பது ஆகிவிட்டது. நேற்று எனக்கு வண்டி கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். கிளார்க் எழுந்து நிற்கிறான்.

லாரிகள் நிற்கும் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரை குட்டியின் கையைத் தொடாதீர்கள். தழும்பு இருந்தால், அம்மா, நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. கம்பி இப்போது என் வண்டியில்தான் இருக்கிறது.

மகன்

*

அக்டோபர் 16

அன்புள்ள மகனுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்.

நீ என்னை அடித்துக் கையை உடைத்துவிட்டாய் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் படியிலிருந்து விழுந்தேன் என்று சொன்னேன். அவர் இரண்டாவது கையைப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. பட்டை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் அதிகமில்லை. இது ஒன்று.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க ஆள் வேண்டும். நீ எழுதமாட்டாய். நான் எழுதுகிறேன்.

நீ பின்கட்டு வழியாக உள்ளே வந்தபோது நான் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் மனைவி பின்கட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். குட்டி அவளோடு இருந்தாள். நீ செருப்பைக் கழற்றவில்லை. கையில் கம்பி இருந்தது. "ஸ்கேல் எங்கே?" என்றாய். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பித்தளை ஓரம் வைத்ததுதான். எழுத்துப் போட்டியில் முதல் பரிசாக எங்கள் கான்வென்ட் சிஸ்டர் கொடுத்தது. நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். "குட்டி கையைப் பார்த்தேன்" என்றாய். 

நான் கையை நீட்டினேன். நீ கேட்கவில்லை. நானாக நீட்டினேன். உள்ளங்கை மேலே, விரல்களைச் சேர்த்து. நீ எடுக்கச் சொல்வாய் என்று நினைத்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். நீ அடிப்பாய் என்று தெரிந்துதான் நீட்டினேன். நீ அடித்தாய். ஸ்கேலால் இல்லை. நான் அழவில்லை. மணிக்கட்டு உடைந்த சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். அது நமக்குள் முடிந்துபோன கணக்கு. அதைப் பற்றி நான் இனி ஒரு வார்த்தை எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும். சத்தம் கேட்டுக் குட்டி ஓடிவந்தாள். உன் கையில் கம்பி, மேஜை மேல் என் கை. அவள் கத்தவில்லை. அம்மாவிடம் ஓடவில்லை. உன் முன்னால் வந்து நின்றாள். எந்தக் கை தப்பு செய்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டு கையையும் நீட்டினாள்.

கம்பி தரையில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் ஓடு உடைந்திருக்கிறது. மாற்றவில்லை. நீ அவளை அள்ளிக்கொண்டு வெளியே போனாய். உன் மனைவி பெட்டியோடு பின்னால் வந்தாள். வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். "டாக்டரை வரச்சொல்றேன் அத்தை" என்றாள். வரச்சொன்னாள். அவளிடம் அதை நான் மறக்கவில்லை என்று சொல். கம்பியை நீ எடுத்துப்போகவில்லை. நான் அதைக் கிணற்றில் போட்டுவிட்டேன், ஸ்கேலையும் சேர்த்து. டயர் தட்ட வேறு வாங்கிக்கொண்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒரே மதியம்தான் ஆயிற்று. எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும் மை இழுபட்டிருப்பதையும் நீ பார்த்திருப்பாய். வலது மணிக்கட்டு இனிச் சேராது என்கிறார்கள். ஆறு வயது வரை நானும் இந்தக் கையால்தான் எழுதினேன். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அறுபத்திரண்டு வருடமாக அதற்கு வேலை கொடுக்கவில்லை. பேனாவை வைத்ததும் அது எழுத ஆரம்பித்துவிட்டது. நாற்பது பேர் ஒரே கை என்று உனக்கு எழுதினேனே, அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் என்னைப் போல என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆகஸ்டிலிருந்து உன் கடிதம் இல்லை. உன் கை இப்போது எப்படி இருக்கிறது, நடுவிரல் மடங்குகிறதா என்று தெரிய வேண்டும். யாராவது குரலை உயர்த்தினால் குட்டி இப்போதும் நீட்டுகிறாளா என்று தெரிய வேண்டும். அவள் எந்தக் கையால் எழுதுகிறாள் என்று தெரிய வேண்டும். அவளே எழுதினால் நல்லது. பிழை இருந்தால் நான் திருத்தமாட்டேன்.

உறைக்குள் தபால்தலை ஒட்டிய இன்னொரு உறை இருக்கிறது. முழுப் பக்கம் வேண்டாம். ஒரு வரி போதும். பதில் எழுதிப் போடு.

அம்மா